சிக்னலில் ஊன்றிய இடது கால்

மார்ச் 5, புதன்

தம்பிக்கு,

நான் தலைசுற்றி விழவில்லை.

ஞாயிறு காலை நூலகத்துச் சிக்னலில் நான் சைக்கிளோடு விழுந்தது உண்மை. வலது முழங்கையில் நான்கு தையல் போட்டதும் உண்மை. அதற்கு மேல் நீங்கள் சைக்கிள் குழுவில் இருபத்திரண்டு பேருக்கும் போனில் அனுப்பிய எதுவும் உண்மை இல்லை. என்னிடம் அந்த வகைப் போன் இல்லாததால் பல் டாக்டரம்மா வீட்டுக்கே வந்து படித்துக் காட்டினார். "சிக்னலில் அண்ணிக்குத் திடீர்த் தலைசுற்றல். எழுபது வயது. அணைக்கட்டு சவாரிப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்திருக்கிறேன். அவர் நலனுக்காக." அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பியிருக்கிறார்களாம்.

திங்கட்கிழமைக்குள் தலைசுற்றல் மயக்கமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை எனக்கு வலிப்பு. இன்று காலை கடைக்குப் போன இடத்தில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தார். நான் போக வேண்டிய பக்கம் அதுவல்ல. என் மகன் போனில், "அம்மா, சித்தப்பா எல்லாம் சொன்னாரு. அந்த சைக்கிளை யாருக்காவது குடுத்துடும்மா, ப்ளீஸ்" என்கிறான். யாருக்காவது என்றால் யாருக்கு என்று கேட்டேன்.

முப்பத்து நான்கு வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள் நான். தலைசுற்றல் என்பது சீட்டில் எழுதும் சொல். எழுதுகிறவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். வாய்க்கு வந்ததை எழுத முடியாது.

30ஆம் தேதி ஞாயிறு அணைக்கட்டு சவாரி. போய்வர நூறு கிலோமீட்டர். உங்கள் அண்ணன் தொடங்கிவைத்தது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடம் முதல்முறையாக நான் பெயர் கொடுத்திருந்தேன். நீங்கள் அடித்துவிட்டீர்கள். அடித்தவரே மறுபடி எழுதவும் வேண்டும்.

குழுவில் அன்று சிக்னலில் நின்றவர்கள் நீங்களும் நானும் மட்டும்தான். மற்றவர்கள் பச்சையில் கடந்து போய்விட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதக்கூடியவர் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. எழுதி அனுப்புங்கள். போன் செய்ய வேண்டாம். நீங்கள் போனில் பேசிவிட்டு அப்படிச் சொல்லவில்லை என்பவர்.

உங்களை எப்போதும் 'நீ' என்றே பேசி வந்தவள் இப்போது 'நீங்கள்' என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடும்.

அண்ணி


மார்ச் 7, வெள்ளி

அண்ணி அவர்களுக்கு,

லெட்டர் கிடைச்சுது. நாலு தெரு தள்ளி இருந்துக்கிட்டு ஸ்டாம்ப் ஒட்டி லெட்டர் போடுறது இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். தபால்காரர் "வக்கீல் நோட்டீஸா சார்?"னு கேட்டுட்டுக் கையெழுத்து வாங்காமலே போனார்.

நான் என்ன தப்பா எழுதிட்டேன்? விழுந்தீங்களா இல்லையா? எழுபது வயசா இல்லையா? தலைசுத்தல்னு எழுதினது உங்க மானத்தைக் காப்பாத்தத்தான். உள்ளதைச் சொன்னா என்ன எழுதணும் தெரியுமா? "பெடல்ல இருந்து காலைக் கழட்டத் தெரியாம விழுந்தார்"னு எழுதணும். அது உங்களுக்கு நல்லா இருக்குமா?

ஜனவரியிலேயே சொன்னேன். ஷூவை அப்படியே பூட்டிக்கிற கிளிப்லெஸ் பெடல் வேண்டாம், சாதா பெடலே உங்களுக்குப் போதும்னு. கேக்கல. சரி, பிடிவாதம் பிடிக்கிறீங்க, வாங்குறதுன்னா எங்க எல்லார்கிட்டயும் இருக்கிற ரோட் பெடல் வாங்குங்கன்னேன். காலுக்கடியில் அகலமா உக்காரும், பாக்கவும் கௌரவமா இருக்கும். அதையும் கேக்கல. கடையில் போய் மலைப்பாதையில சைக்கிள் ஓட்டுறவன் மாட்டுற பெடலை வாங்கிட்டு வந்தீங்க. கட்டைவிரல் நகம் அளவு இரும்பு. அதை ரோட் சைக்கிள்ல மாட்டினப்ப குழுவே சிரிச்சுது. நான் சிரிக்கல, அதையும் எழுதி வச்சுக்கோங்க.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்க. சிவப்பு விழுந்துச்சு. நான் நடைபாதை ஓரமா நின்னேன். நீங்க எனக்கு வலது பக்கம் வந்து நின்னீங்க, ரெண்டு காலும் பெடல்ல மாட்டினபடி. விழுந்தீங்க. அவ்வளவுதான்.

நாப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவன் நான். வண்டியில ஏறி உக்கார்றதைப் பாத்தாலே யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு சொல்லிடுவேன். உங்களுக்கு வராதுன்னு அண்ணன் இருக்கும்போதே சொல்லியிருக்கேன்.

டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டுவாங்க, அப்புறம் பாப்போம். குழு முடிவு அது, என் முடிவு இல்ல.

எழுத்து கோணலா இருக்கும். பேனா சரியில்லை.

தம்பி


மார்ச் 10, திங்கள்

தம்பிக்கு,

முதலில் நீங்கள் ஒன்றை முடிவு செய்யுங்கள். தலையா, காலா? குழுவுக்கு எழுதியதில் தலை சுற்றியது. எனக்கு எழுதியதில் காலைக் கழற்றத் தெரியவில்லை. ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் இரண்டு மருந்துச் சீட்டு வந்தால் நாங்கள் மருந்து கொடுக்க மாட்டோம். எழுதியவரைக் கூப்பிட்டு அனுப்புவோம்.

பெடலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். கடையில் நான் இரண்டு மணி நேரம் இருந்தேன். மெக்கானிக் இரண்டு வகையையும் மேசைமேல் வைத்தார். காலணிக்கு அடியில் திருகும் துண்டுக்குக் கிளீட் என்று பெயர் என்றார். உங்கள் ரோட் வகையில் அது பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இறங்கினால் வாத்து நடைதான். நீங்கள் பெட்ரோல் பங்க் டைல்ஸ் தரையில் நடப்பதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பெடலிலும் ஒரு பக்கம்தான் மாட்டும், ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். நான் வாங்கிய வகையில் கிளீட் காலணியின் பள்ளத்துக்குள் அடங்கிவிடும். நிம்மதியாக நடக்கலாம். பெடலின் எந்தப் பக்கமும் மாட்டும். "புதுசா பழகறவங்களுக்கு இதுதாம்மா சரி. ஆனா யாரும் கேக்க மாட்டாங்க, பாக்க அழகா இல்லன்னுடுவாங்க" என்றார் மெக்கானிக். நான் கேட்டேன். குழு சிரித்தது. குழுவின் சிரிப்புதான் பெடலுக்குத் தகுதித் தேர்வு என்று எனக்குத் தெரியாது.

கிளிப்பு இருக்கிற பெடலுக்குக் கிளிப்பு இல்லாதது என்று பெயர் வைத்தவரைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அவரைப் பள்ளியில் யாரும் பெஞ்சுமேல் நிற்க வைக்கவில்லை போலிருக்கிறது.

பிறகு பழகினேன். ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மைனஸ் பக்கம் கடைசி வரை தளர்த்தினேன். கார் ஷெட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும் என்பதைக் கால் தானே கற்றுக்கொள்ளும் வரை, ஒரு நாளைக்கு இடது ஐம்பது, வலது ஐம்பது. முப்பது நாள். ஆறாம் நாள் ஒரு முறை விழுந்தேன். ஷெட்டுக்குள், யாரும் பார்க்காமல். அது என்னுடைய விழுதல், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நூலகத்து மைதானத்தில் இரண்டு வாரம். சிக்னல் சிவப்பானால் முப்பது அடி முன்பே இடது காலை விடுவித்துவிடுவேன். வலது கால் மாட்டியபடியே இருக்கும். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து இடது காலை ஊன்றுவேன். இது ஒருநாளும் மாறியதில்லை.

அன்றும் மாறவில்லை. சிக்னலில் அன்று அதிகாலைதான் வெள்ளைக் கோடு புதிதாக அடித்திருந்தார்கள். ஓரத்தில் கூம்புகூட வைத்திருந்தார்கள். என் இடது காலணியின் அடியில் அந்தப் பெயின்ட் இருக்கிறது. இரண்டு காலையும் மாட்டியபடி நின்றவளின் காலணியில் சாலைப் பெயின்ட் எப்படி வந்தது?

இடது காலை ஊன்றிய பிறகு, வலது பக்கமாக விழுந்திருக்கிறேன். தரையில் கால் இருக்கிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் யாரும் தானாக விழுவதில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்த நேரத்தில் உங்கள் வலது கை எங்கே இருந்தது?

உங்கள் கையெழுத்து முப்பது வருடமாக வலப்பக்கம் சாயும். இந்தக் கடிதத்தில் இடப்பக்கம் சாய்கிறது. மையும் துடைபட்டிருக்கிறது. பேனா காரணம் அல்ல. அதைப் பிறகு பேசலாம்.

அண்ணி


மார்ச் 13, வியாழன்

அண்ணி,

கை எங்க இருந்துச்சுன்னு கேக்குறீங்க. என் ஹேண்டில்பார்ல. வேற எங்க இருக்கும்?

காலணியில பெயின்ட் இருக்குன்னா விழுந்தப்ப பட்டிருக்கும். ரோட்டுல விழுந்தா ரோட்டுல இருக்கிறதெல்லாம் ஒட்டத்தான் செய்யும். சாட்சி விசாரணை மாதிரி எழுதிட்டுப் போனா எனக்கும் எழுதத் தெரியும்.

உங்களைக் கேக்குறேன், பதில் சொல்லுங்க. அண்ணன் இருபத்தாறு வருஷம் ஞாயித்துக்கிழமை காலையில தனியாத்தானே கிளம்பினார்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க கூட வந்திருக்கீங்களா? கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாலே மேல ஜன்னலைச் சாத்துவீங்க. நான் வெளிய நின்னு பாத்திருக்கேன். "உங்க அண்ணி எழுந்துட்டா, வா போயிடலாம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்ட சிரிப்புன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் பக்கத்துல ஓட்டினவன் நான்.

அவர் போனப்புறம் ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்க. அவர் தொடங்கின சவாரியில பேர் கொடுக்கிறீங்க. ஊரே "ஆஹா, புருஷன் விட்ட இடத்துல இருந்து இந்த அம்மா தொடர்றாங்க"ங்குது. தொடர்றதுக்கு முதல்ல அங்க இருந்திருக்கணும்.

நான் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்ல வச்சது நீங்க.

சர்டிஃபிகேட் இல்லாம பேர் சேராது. பேர் அடிச்சது அடிச்சதுதான்.

தம்பி


மார்ச் 16, ஞாயிறு

தம்பிக்கு,

சர்டிஃபிகேட் இணைத்திருக்கிறேன். காது, கண், ரத்த அழுத்தம், இ.சி.ஜி., கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பது, எல்லாம் பார்த்தார்கள். டாக்டர், "உங்களுக்குத் தலைசுத்தல்னு யார் சொன்னது?" என்று கேட்டார். ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் என்றேன்.

இனி நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். விழுந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். அப்போதும் உங்கள் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தவறு.

நான் இடது காலை விடுவித்து உங்கள் பக்கமாகச் சாய்ந்தேன். கால் கோட்டில் பட்டது. அந்த நொடியில் உங்கள் வலது கை என் இடது தோளில் வந்து விழுந்தது. பிடிக்கவில்லை, தள்ளியது. வலது கால் பெடலில் மாட்டியிருந்த நான் வலப்பக்கம் போனேன். நீங்களும் என் பின்சக்கரத்தின்மேல் விழுந்தீர்கள். கை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. அதனால்தான் இரண்டு கடிதத்தையும் இடது கையால் எழுதியிருக்கிறீர்கள். குளியலறையில் வழுக்கியதாக எல்லோரிடமும் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். நீங்கள் அதோடு நிற்கவில்லை. விழுந்தவளுக்குத் தலைசுற்றல் என்று பக்கத்தில் பலகையும் நட்டுவிட்டீர்கள்.

ஏன் என்றும் எனக்குத் தெரியும். குழுவின் முதல் விதி: "ஓடும்போதும் நிற்கும்போதும் மற்றவர் உடம்பிலோ வண்டியிலோ கை வைக்கக் கூடாது. வைத்தவர் ஒரு வருடம் முன்னால் ஓட்டக் கூடாது." முன்னால் ஓட்டுகிற கேப்டன் நீங்கள். அந்த விதியை உங்கள் அண்ணன் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதினார். எழுதிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இது தம்பிக்காகத்தான் எழுதறேன். பக்கத்துல யார் தடுமாறினாலும் அவன் கை ஸ்டியரிங்கைத் தேடும். பேரைப் போட்டா கோவிச்சுக்குவான்." பத்தொன்பது வருடமாக நான் இதை உங்களிடம் சொல்லவில்லை.

அடுத்து, ஜன்னல்.

சாத்தினேன். உண்மை. அவர் என்னைக் கூப்பிடாமல் இருந்ததில்லை. எனக்கென்று ஒரு சைக்கிளே வாங்கி வைத்தார். அதில் ஷெட்டுக்குள் ஏறிப் பார்த்திருக்கிறேன், சாலைக்குக் கொண்டு போகவில்லை. காரணம் வெறுப்பு என்று நினைத்தீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தாரோ என்னவோ. காரணம் பயம். சிஸ்டர்கள் நடத்திய கான்வென்ட் பள்ளியில் படித்தவள் நான். வரிசையில் தடுக்கி விழுந்த பெண்ணைப் பார்த்து நானூறு பேர் சிரித்ததை ஏழு வயதில் கேட்டிருக்கிறேன். நாலு பேர் முன்னால் விழக்கூடாது என்று அன்று முடிவு செய்தவள் அறுபத்தாறு வயது வரை விழவில்லை. விழக்கூடிய எதையும் செய்யவில்லை என்பதே அதற்கு அர்த்தம். அவர் போன பிறகு ஒரு நாள் கார் ஷெட்டில் அந்த சைக்கிள் காற்றிறங்கி நின்றது. இனி எதற்குப் பயம், சிரிக்கிறவர் யாரும் என்னுடையவர் இல்லையே என்று தோன்றியது.

இப்போது புரிகிறதா? அறுபத்து மூன்று வருடம் நான் பயந்துகொண்டிருந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. அது கடைசியில் நடந்தது, நடுச் சாலையில், ஒரு பேருந்து நிறைய ஆட்கள் பார்க்க. அதிலும் அது என்னுடைய விழுதல் இல்லை. உங்களுடையது. உங்கள் விழுதலை என் பெயரில் ஊரெல்லாம் விநியோகித்துவிட்டீர்கள்.

நீங்கள் அவர் பக்கத்தில் ஓட்டியவர். அதை நான் மறுக்கவில்லை. அவர் எழுதிய விதியையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

அண்ணி


மார்ச் 19, புதன்

அண்ணி,

ஆமா. கை வச்சேன்.

வேணும்னு வைக்கல. நீங்க என் பக்கமா சாய்ஞ்சீங்க. இடது காலைக் கழட்டிட்டீங்கன்னு நான் பாக்கல. போச்சு, விழுறாங்கன்னுதான் தோணுச்சு. நாப்பது வருஷம் பழகுறவங்களுக்கு இடது பக்கத்து சீட்டுல உக்காந்தவன். வண்டி என் பக்கமா வந்தா வலது கை தானா போய் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் தள்ளும். யோசிக்கவே யோசிக்காது. உங்க தோள் இருந்த இடத்துலதான் ஸ்டியரிங் இருக்கும். கூடவே என் வலது கால் பிரேக்கை மிதிச்சுது. இல்லாத பிரேக்கை. கால் பெடல்ல மாட்டியிருந்ததால அங்கேயே நின்னுடுச்சு, நான் உங்க மேல வந்து சேந்தேன். கௌரவமான ரோட் பெடல்தான். கழட்ட முடியல. சிரிச்சுக்கோங்க.

மணிக்கட்டுல மெல்லிசா விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கு. ஆறு வாரம்.

குழு திரும்பி வந்தப்ப நான் எந்திரிச்சுட்டேன், நீங்க இன்னும் எந்திரிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம். பல் டாக்டரம்மா "என்னாச்சு கேப்டன்?"னாங்க. கேப்டன்னு கூப்பிட்டுட்டாங்க, அதுக்கப்புறம் என்ன சொல்றது? வாயில முதல்ல வந்தது தலைசுத்தல். சொன்னப்புறம் அது என்கிட்ட இல்ல, ஊர்கிட்ட போயிடுச்சு.

அந்த விதி எனக்காக எழுதினதுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். நேத்து முழுக்க சாப்பிடல. அண்ணன் அப்படி நினைச்சாரா என்னைப் பத்தி? அதைப் பத்தொம்பது வருஷம் வச்சிருந்து இப்ப எடுத்து வீசணுமா? உங்களுக்குக் கத்தி எதுக்கு, ஞாபகசக்தியே போதும்.

ஜன்னல் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்.

நானும் ஒண்ணு சொல்றேன். ஸ்கூலை மூடிட்டேன், என் வீட்டுக்காரி பேத்தியைப் பாத்துக்க வெளியூர் போயிட்டா, அண்ணன் இல்ல. வாரத்துல ஆறு நாள் யாரும் என்னை எதுக்கும் கூப்பிடுறதில்ல. ஞாயித்துக்கிழமை அந்த முதல் இடம்தான் எனக்கு இருக்கு. அதையும் எடுத்துட்டா நான் எங்க போறது?

அதனால ஒரு வழி சொல்றேன். சர்டிஃபிகேட் வந்துடுச்சு. "அண்ணிக்கு உடம்பு சரியாயிடுச்சு, டாக்டர் அனுமதி கொடுத்துட்டார்"னு எழுதி உங்க பேரைச் சேத்துடுறேன். 30ஆம் தேதி நீங்க வாங்க. நூறு கிலோமீட்டரும் ஓட்டுங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நானும் மாவுக்கட்டை வச்சுக்கிட்டு ஓட்ட முடியாது, குளியலறையில விழுந்ததா இருக்கட்டும். உங்களுக்கும் நஷ்டம் இல்ல, எனக்கும் இல்ல.

பெரியவங்களாப் பாத்து ஒத்துக்கோங்க.

தம்பி


மார்ச் 22, சனி

தம்பிக்கு,

எனக்கு வராத நோய் குணமாகிவிட்டது என்று அறிவிப்பதாகச் சொல்கிறாய். அதற்கு நன்றி சொல்வதற்கில்லை. வேண்டாம்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இல்லாத பிரேக்கை மிதித்த இடத்தில் சிரிக்கச் சொல்லியிருந்தாய். சிரித்தேன். அதற்காக என் கோபம் குறைந்துவிட்டதாக நினைக்காதே. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்.

உங்கள் அண்ணன் உன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்டாய். நினைத்ததைத் தாளில் எழுதி, பெயரை விட்டுவிட்டார். அதிலேயே உனக்குப் பதில் இருக்கிறது. நானும் பெயரை விட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் வருந்துகிறேன். மற்ற எதற்கும் இல்லை.

இனி நான் சொல்வதைக் கேள்.

நான் இதுவரை பல் டாக்டரம்மாவிடம்கூட எதுவும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது கிழவியின் புகார். நீ சொன்னால்தான் அது நடந்தது ஆகும். 30ஆம் தேதி காலை ஐந்தரை மணிக்கு எல்லோரும் பெட்ரோல் பங்கில் சேர்வார்கள். புறப்படும் முன் நீ நின்று சொல்ல வேண்டியது: "அண்ணிக்குத் தலை சுற்றவில்லை. அவர் காலைச் சரியாகத்தான் ஊன்றினார். நான் கை வைத்தேன், இருவரும் விழுந்தோம், நான் பொய் சொன்னேன்." இவ்வளவுதான். எங்கள் கான்வென்ட்டில் தப்புச் செய்தால் நூறு முறை எழுத வைப்பார்கள். உன்னை நான் ஒரு முறை சொல்லச் சொல்கிறேன், அதுவும் மாவுக்கட்டோடு. சலுகைதான்.

முதல் இடம் ஒரு வருடத்துக்குப் போகும். போகட்டும். எனக்கு அது வேண்டாம். நான் ஆறாவது ஆளாகப் போவேன், வழக்கம்போல. குழுவுக்குப் பின்னால் தண்ணீரும் டியூபும் ஏற்றிக்கொண்டு வேன் வரும். பல் டாக்டரம்மாவின் கணவர் ஓட்டுகிறார். பக்கத்து சீட்டு காலி. அது உனக்குப் பழகிய இடம்தான். அவர் கையிலிருக்கும் ஸ்டியரிங்கைத் தொடாமல் நூறு கிலோமீட்டர் உட்கார்ந்து வர முடியுமா என்று பார். நானும் முப்பது நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் கற்றுக்கொள்ளும் வரை காத்திருந்தவள்தான். கையும் கற்றுக்கொள்ளும்.

வாரத்தில் ஆறு நாள் யாரும் கூப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். என்னையும் யாரும் கூப்பிடுவதில்லை. அதற்காக நான் யாருக்கும் வலிப்பு என்று செய்தி அனுப்பவில்லை.

நீ சொல்லாவிட்டால் நான் வர மாட்டேன். ஹெல்மெட்டோடு வீட்டு வாசலில் நிற்பேன், பங்கிலிருந்து புறப்பட்டால் குழுவும் வேனும் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அப்போது என்னைக் காட்டி "அண்ணிக்கு இன்னும் உடம்பு சரியில்லை" என்று நீயே எல்லோரிடமும் சொல்லிக்கொள். ஜன்னலைச் சாத்தியபடி உள்ளே நின்ற வருடங்கள் போதும். இந்த முறை வெளியே நின்று பார்ப்பேன். உன் முகத்தையும்தான்.

சொன்னாயானால், நான் எல்லாச் சிக்னலிலும் இடது காலைத்தான் ஊன்றுவேன். பின்னாலிருந்து பார்த்தால் சாய்வது போலத் தெரியும். சாயட்டும். சாய்ந்தால்தான் கால் தரைக்கு எட்டும். எவ்வளவு சாய்ந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இரு.

சொல்கிறாயா, இல்லையா என்பதை 27ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். இடது கையால் எழுதினால் போதும். எனக்குப் படிக்க வரும்.

அண்ணி